சமர்கந்துக் குன்றின் வானாய்வுக்கூடம்: இடிந்தது எது, எஞ்சியது எது?

 



ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மக்கள் கலைந்த பின்னர், மக்தபில் ஓதும் சிறுவன் ஒருவன் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையின் முன் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "ஹஜ்ரத், இதையெல்லாம் முதன்முதலில் யார் கணக்குப் போட்டார்கள்?" என்று கேட்டான். "நம் முன்னோர்களான ஆலிம்கள்" என்று பதில் கூறினேன். "எந்த ஆலிம்? எந்த ஊர்?" என்று அவன் மீண்டும் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தொழுகை நேரங்களின் சட்டங்களை ஆண்டுக்கணக்கில் ஓதியவன் நான். நிழலின் அளவையும் செவ்வானத்தின் மறைவையும் கிதாபில் படித்தவன். ஆயினும் அந்த எண்களின் வரலாறு எனக்குத் தெரியவில்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அச்சிறுவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடியபோது கிடைத்த செய்திகளை உங்கள் முன் வைக்கின்றேன். வாருங்கள், மத்திய ஆசியாவில், இன்றைய உஸ்பெகிஸ்தான் நாட்டின் சமர்கந்து நகருக்குச் செல்வோம். அந்நகரின் வடகிழக்கே உள்ள ஒரு குன்றின் மீது ஏறுவோம்.

குன்றின் மீது காண்பது என்ன?

பெரிய கோபுரத்தையும் மாடமாளிகையையும் எதிர்பார்த்து ஏறுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒரு சிறிய அருங்காட்சியகமும், வளைவான கூரையிட்ட ஒரு நுழைவாயிலுமே அங்கு உள்ளன. அந்த நுழைவாயிலுக்குள் எட்டிப் பார்த்தால், பாறையைக் குடைந்து வெட்டிய குறுகிய அகழி ஒன்று ஏறத்தாழ 11 மீட்டர் ஆழத்திற்கு இறங்குவதைக் காணலாம். அதனுள் சலவைக்கல் பதித்த இரண்டு வளைவுகள் இணையாகக் கீழிறங்குகின்றன. அக்கற்களில் பாகைக் குறிகள் செதுக்கப்பட்டுள்ளன. மூன்று அடுக்குகளோடும் சுமார் 30 மீட்டர் உயரத்தோடும் வட்ட வடிவில் நின்ற ஒரு மாபெரும் வானாய்வுக்கூடத்தில் இன்று எஞ்சியிருப்பது இவ்வளவே.

இதனை 1420-களில் எழுப்பியவர் மிர்ஸா முஹம்மது தரகாய். உலகம் அவரை உலுக் பேக் என்று அழைக்கின்றது. 1394-இல் பிறந்த அவர் பெருவெற்றியாளன் தைமூரின் பேரர். தந்தை ஷாருக், தாய் கவ்ஹர் ஷாத். 1409-இல், தம் 15-ஆம் வயதில் சமர்கந்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். பாட்டனார் வாளால் நிலங்களைப் பிடித்தார். பேரரோ வானத்து நட்சத்திரங்களை எண்ண விரும்பினார்.

அகழியின் வேலை யாது?

இந்தக் கருவியின் பெயர் ஃபக்ரீ சுத்ஸ். சுத்ஸ் என்றால் ஆறில் ஒரு பங்கு. ஒரு வட்டத்தின் ஆறில் ஒரு பங்கான வளைவு என்பது பொருள். இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 994-ஆம் ஆண்டில் ரய் நகரில், ஃபக்ருத்தவ்லா என்ற மன்னரின் ஆதரவில் அல்குஜந்தி என்னும் அறிஞர் 20 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றைக் கட்டினார். அம்மன்னரின் பெயரே கருவிக்கும் அமைந்தது. ஆனால் ஒளி நுழையும் துளை இருந்த பகுதி சற்றே தாழ்ந்துவிட்டதால் அல்குஜந்தியின் அளவில் பிழை நேர்ந்தது என்று பேரறிஞர் அல்பிரூனி பதிவு செய்துள்ளார். சமர்கந்தில் ஆரம் 40 மீட்டராக இரட்டிப்பாயிற்று. வளைவின் கீழ்ப்பகுதி அசையாப் பாறையினுள் அமைந்தது.

இது வேலை செய்யும் முறை எளியது. வளைவு சரியாக வடக்கு தெற்காக அமைந்துள்ளது. நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும்போது, உயரத்தில் இருந்த ஒரு துளை வழியாக அதன் ஒளி இருண்ட கூடத்தினுள் நுழைந்து வளைவின் மீது ஒரு வட்டமாக விழும். அவ்வொளி எந்தக் குறியின் மீது விழுகிறதோ, அதுவே அன்றைய சூரியனின் உயரம். கோடையில் சூரியன் உயர்ந்து நிற்கையில் ஒளி அகழியின் அடியில் விழும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து செல்கையில் ஒளி வளைவின் மேற்பகுதிக்கு ஏறும். ஆக, இன்று நாம் காணும் பகுதி கோடைச் சூரியனின் ஒளி விழுந்த பகுதியாகும்.

இத்துணைப் பெரிதாகக் கட்டியது எதற்காக? 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு பாகை என்பது கல்லின் மீது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளம். பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலை என்பது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். கையடக்கக் கருவியில் கண்ணுக்கே தெரியாத நுண்ணளவு, இங்கே விரற்கடையில் அளக்கக் கூடியதாகிவிடுகின்றது. தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இவ்வாறு பெற்ற அளவுகளின் நேர்த்தியைப் பாருங்கள். பூமியின் அச்சுச் சாய்வை அவர்கள் 23 பாகை 30 கலை 17 விகலை எனக் கண்டனர். அக்காலத்தின் உண்மையான அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு சுமார் அரைக் கலையே. பருவங்கள் மீண்டு வரும் ஓர் ஆண்டின் நீளத்தை 365 நாள் 5 மணி 49 நிமிடம் 15 விநாடி எனக் கணித்தனர். இன்றைய கணிப்பிலிருந்து அது விலகுவது சுமார் அரை நிமிடமே.

பெற்றோர்களே! இந்த எண்களுக்கும் நம் பள்ளிவாசல் சுவருக்கும் தொடர்புண்டு. லுஹருடைய நேரமும் அஸருடைய நிழலும் மஃக்ரிபும் ஃபஜ்ரும் நாளுக்கு நாள் மாறுவது, சூரியனின் பாதை வடக்கும் தெற்குமாக நகர்வதால்தான். அது எவ்வளவு நகர்கிறது என்பதை அந்தச் சாய்வின் அளவைக் கொண்டே கணக்கிடுகின்றோம். சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படியே இயங்குகின்றன என்று திருமறையின் அர்ரஹ்மான் அத்தியாயம் உணர்த்துகின்றது. அந்தக் கணக்கு எது என்று தேடிச் சென்றவர்கள் இவர்கள்.

மன்னரின் அவையில் மறுத்துப் பேசும் உரிமை

இக்கூடத்தை ஒருவர் மட்டும் நடத்தவில்லை. காழி ஸாதா ரூமி, ஜம்ஷீத் கியாஸுத்தீன் அல்காஷி, அலி குஷ்ஜி ஆகிய மூவரும் அதன் தூண்கள். அல்காஷி 1424-இல் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்திற்கும் உள்ள விகிதத்தைப் பதினாறு தசம இடங்கள் வரை சரியாகக் கணக்கிட்டவர். அலி குஷ்ஜியின் தந்தை மன்னரின் வல்லூறுகளைப் பராமரித்தவர். குஷ்ஜி என்ற பெயரே அத்தொழிலைக் குறிப்பது. பணியாளரின் மகன், அறிவால் மன்னரின் தோழரானார்.

அல்காஷி சமர்கந்திலிருந்து தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் உள்ளன. உலுக் பேக் குர்ஆனின் பெரும்பகுதியை மனனம் செய்திருந்ததையும், குதிரைச் சவாரியின்போதே சூரியனின் இருப்பிடத்தை மனக்கணக்காகக் கூறியதையும் அவற்றில் வியந்து எழுதுகின்றார். அதனினும் முக்கியமான செய்தி ஒன்றும் அவற்றில் உண்டு. மத்ரஸாவில் நடக்கும் அறிவு விவாதங்களில், மன்னர் சொன்னார் என்பதற்காக எவரும் ஒரு கருத்தை ஏற்கக்கூடாது, விளங்கிய பின்னரே ஏற்க வேண்டும் என்று உலுக் பேக் வலியுறுத்தினார். சில வேளைகளில் வேண்டுமென்றே தவறான கருத்தொன்றைக் கூறுவார். மரியாதைக்காகத் தலையாட்டியவர் அவையில் வெட்கப்பட நேரிடும்.

நம் வீடுகளில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், "அதிகம் பேசாதே" என்று அடக்கும் வழக்கம் நமக்கு உண்டு. நம் மத்ரஸாக்களிலும் அது இல்லை என்று சொல்ல இயலாது. மன்னரையே மறுக்கலாம் என்றிருந்த அவையிலிருந்துதான் அத்தகைய துல்லியமான கணக்குகள் பிறந்தன என்பதை நாம் மறந்துவிட்டோம்.

இவர்களின் உழைப்பு ஸீஜே சுல்தானீ என்னும் நூலாகத் திரண்டது. 1437-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 1018 விண்மீன்களின் இருப்பிடங்களை அது பட்டியலிட்டது. அதற்கு முந்தைய பட்டியல்கள் பலவும் கிரேக்க அறிஞர் தாலமியின் பழைய எண்களில் திருத்தம் செய்து எழுதப்பட்டவை. சமர்கந்தில் பெரும்பாலானவற்றை மீண்டும் வானத்திலேயே பார்த்து அளந்தனர். அந்நூலின் நான்காம் பகுதி சோதிடம் பற்றியது. மார்க்க அறிஞர்கள் சோதிடத்தைக் கண்டித்தே வந்தனர். அக்கால மன்னர்கள் பலரும் அதிலிருந்து விடுபடவில்லை. முன்னோரைப் போற்றும்போது அவர்களின் குறையை மறைக்க வேண்டியதில்லை.

ரமளானில் நடந்த கொலை

1447-இல் தந்தை ஷாருக் மறைந்ததும் தைமூரின் வம்சத்தில் அரியணைப் போர் மூண்டது. உலுக் பேக்கின் சொந்த மகன் அப்துல் லதீஃபே தந்தைக்கு எதிராகப் படை திரட்டினான். 1449-இல் சமர்கந்து அருகே நடந்த போரில் தந்தை தோற்றார். அரியணையைத் துறந்து, ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அவரை வழியிலேயே வெட்டிக் கொன்றனர். ஹிஜ்ரி 853, ரமளான் மாதம் அது. மகனின் ஆட்சியும் நீடிக்கவில்லை. மறு ஆண்டே அவனும் கொல்லப்பட்டான். 1941-இல் சமர்கந்தில் உள்ள உலுக் பேக்கின் அடக்கத்தலம் ஆய்வுக்காகத் திறக்கப்பட்டபோது, கழுத்தெலும்பு வாளால் வெட்டுண்டிருந்ததைக் கண்டனர். வரலாற்று நூல்கள் கூறியதற்கு அவ்வெலும்பே சாட்சியாயிற்று.

இடித்தவர்கள் யார்?

சகோதரர்களே! இவ்விடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். மன்னர் கொல்லப்பட்டதும் மதவெறியர்கள் திரண்டு வந்து கூடத்தைத் தரைமட்டமாக்கினர் என்று பலரும் எழுதுகின்றனர். குன்றுக்குச் செல்பவர்கள் வழிகாட்டியின் வாயாலும் இதைக் கேட்க நேரலாம். இதைக் கேட்டுச் சிலர், "மார்க்கமே அறிவுக்குப் பகை" என்று முடிவு கட்டுவர். வேறு சிலர் கோபித்துக்கொண்டு செய்தியையே மறுப்பர்.

இருசாராரும் பார்க்க வேண்டிய சாட்சி ஒருவர் உள்ளார். பின்னாளில் இந்தியாவில் முகலாய அரசை நிறுவிய பாபர்தான் அவர். 1497-இல், அதாவது கொலை நடந்து 48 ஆண்டுகள் கழித்து, அவர் சமர்கந்தை முதன்முறையாகக் கைப்பற்றினார். தம் நினைவுக் குறிப்புகளில் அந்த மூன்று அடுக்குக் கூடத்தை வர்ணிக்கின்றார். உலகில் அதுவரை ஏழெட்டு வானாய்வுக்கூடங்களே கட்டப்பட்டன என்றும் எழுதுகின்றார். எனில், ஒரே நாளில் இடித்தனர் என்ற கதை நிற்கவில்லை. கூடம் கவனிப்பாரற்றுப் போயிற்று. பின்னர் அதன் கற்கள் மெல்ல மெல்லக் காணாமற்போயின.

ஆனால் இதைக் கொண்டு நாம் ஆறுதல் அடைந்துவிடலாகாது. இஸ்தான்பூலில் தகிய்யுத்தீன் என்னும் அறிஞருக்காக 1577-இல் கட்டப்பட்ட வானாய்வுக்கூடம், 1580-இல் சுல்தானின் ஆணையால் உண்மையாகவே இடிக்கப்பட்டது. அதற்கு மார்க்கத் தலைமையின் சொல்லும் துணை நின்றது. இதுவும் நம் வரலாறே. சமர்கந்தில் நடந்ததோ வேறு. அங்கே கடப்பாரையை விடக் கவனமின்மையே பெரிய பகையாயிற்று. ஒரு மன்னரின் ஆர்வத்தை நம்பி நின்ற கூடம், அவர் போனதும் தனித்து நின்றது. அதே உலுக் பேக் 1417 முதல் 1420 வரை சமர்கந்தின் ரெஜிஸ்தான் சதுக்கத்தில் கட்டிய மத்ரஸாவோ இன்றும் நிற்கின்றது. மன்னர் மறைந்த பின்னரும் அங்கே மாணவர்கள் வந்துகொண்டிருந்தனர். மக்களின் கால்கள் நடந்த இடம் பிழைத்தது.

தப்பிச் சென்ற நூல்

கட்டடம் போயிற்று, கணக்கு போகவில்லை. அலி குஷ்ஜி சமர்கந்தை விட்டு நீங்கித் தப்ரேஸ் வந்தார். அங்கிருந்து தூதராக இஸ்தான்பூல் சென்றார். சுல்தான் இரண்டாம் முஹம்மது அவரை அழைத்து அயாசோஃபியா மத்ரஸாவில் ஆசிரியராக்கினார். 1474-இல் இறக்கும் வரை தம் ஆசிரியர்களின் கலையை அவர் அங்கே கற்பித்தார்.

நம் நாட்டிலும் அந்நூல் வேர்விட்டது. ஷாஜஹான் காலத்தில் முல்லா ஃபரீத் தெஹ்லவி இயற்றிய ஸீஜே ஷாஜஹானீ, சமர்கந்து அட்டவணைகளை அடிப்படையாகக் கொண்டது. டில்லியிலும் ஜெய்ப்பூரிலும் ஜந்தர் மந்தர்களைக் கட்டிய ராஜா ஜெய்சிங், அதே சமர்கந்து மரபின் வழியில் நின்றே கற்கருவிகளைப் பெரிதாக எழுப்பினார். ஐரோப்பாவிலோ, 1665-இல் ஆக்ஸ்போர்டில் தாமஸ் ஹைடு என்பவர் அந்த விண்மீன் பட்டியலை லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். 1690-இல் வெளியான ஹெவேலியஸ் என்னும் ஐரோப்பிய வானியலாரின் நூலில் உள்ள சித்திரம் ஒன்றில், உலகின் மாபெரும் வானியலார்கள் அமர்ந்திருக்கும் மேசையில் உலுக் பேக்கும் இடம்பெற்றுள்ளார்.

இனி நான் சொல்லப்போவது என் வெட்கத்தைப் பற்றியது. காழி ஸாதா ரூமி, அல்சக்மீனியின் வானியல் நூலுக்கு விரிவுரை ஒன்று எழுதி உலுக் பேக்கிற்குக் காணிக்கையாக்கினார். ஷரஹ் சக்மீனீ என வழங்கும் அந்நூல், இந்திய மத்ரஸாக்களின் தர்ஸே நிஜாமீ பாடத்திட்டத்தில் நெடுங்காலம் இருந்தது. நான் ஓதிய மத்ரஸாவின் நூலகத்திலும் மேல் அலமாரியில் அது இருந்தது. எங்கள் காலத்தில் அது பாடத்தில் இல்லை. தூசி தட்டும் முறை வரும்போது அதன் முதுகை மட்டும் துடைத்து வைப்போம். சமர்கந்துக் குன்றின் அறிஞர் ஒருவர் அந்த அட்டைக்குள் காத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. அச்சிறுவனின் கேள்விக்கான பதில் என் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. நான்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

குன்றைக் காட்டிக்கொடுத்த வக்ஃபுப் பத்திரம்

நூல் உலகெங்கும் சென்றது. குன்றோ மறதியில் மூழ்கியது. கூடம் எங்கே நின்றது என்பதே நூற்றாண்டுகளாகத் தெரியவில்லை. 1908-இல் வியாத்கின் என்னும் ரஷ்யத் தொல்லியல் அறிஞர் அதைக் கண்டுபிடித்தார். எதைக் கொண்டு தெரியுமா? பழைய வக்ஃபு ஆவணம் ஒன்றைக் கொண்டு!

இறைவனுக்காக நிலத்தை அர்ப்பணித்த ஒருவரின் பத்திரத்தில், அந்நிலத்தின் எல்லைகளைக் குறிக்கும்போது வானாய்வுக்கூடம் இருந்த இடமும் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த எல்லைக் குறிப்பைப் பின்பற்றிச் சென்று மண்ணைத் தோண்டியபோது பாறையகழியும் சலவைக்கல் வளைவும் வெளிப்பட்டன. மன்னரின் கூடத்தை மன்னரின் வாரிசுகள் காக்கவில்லை. யாரோ ஒரு காழியின் எழுத்தர் அக்கறையுடன் எழுதி வைத்த எல்லை விவரம் காத்தது. வியாத்கின் 1932-இல் இறந்தபோது, அவரது விருப்பப்படி அக்குன்றிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நாம் செய்ய வேண்டியவை

அருமைச் சமுதாயமே! "நட்சத்திரங்களை எண்ணியவர்கள் நாம்" என்று மேடையில் முழங்குவது எளிது. எண்ணியவர்கள் அவர்கள், நாம் அல்லர். அவர்களின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை உழைத்தே பெற வேண்டும். அதற்குப் பெரிய குன்றும் 40 மீட்டர் வளைவும் தேவையில்லை.

முதலாவது, உங்கள் ஜமாஅத்தின் இரும்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வக்ஃபுப் பத்திரங்கள், பழைய மினிட் புத்தகங்கள், அரபுத் தமிழ்க் கையெழுத்துகள் ஆகியவை கரையானுக்கு இரையாகின்றனவா என்று கவனியுங்கள். நகலெடுத்து வையுங்கள். எந்த எல்லைக் குறிப்பு நாளை எந்த வரலாற்றை மீட்கும் என்பதை நாம் அறியோம்.

இரண்டாவது, பிள்ளைகளின் கேள்வியை மதியுங்கள். பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்வது இழிவல்ல. தெரியாததைத் தெரிந்ததுபோல் தலையாட்டுவதையே சமர்கந்து அவை இழிவாகக் கருதியது.

மூன்றாவது, ஒரு விடுமுறை நாளில் வீட்டு முற்றத்திலோ மொட்டை மாடியிலோ ஒரு குச்சியை நட்டு, பிள்ளைகளோடு அதன் நிழலை அளவிடுங்கள். நிழல் மிகக் குறுகும் நேரத்தைக் குறித்து, பள்ளிவாசல் அட்டவணையின் லுஹர் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொழுகையும் வானியலும் ஒரே சூரியனின் கீழ் நிற்பதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள்.

அச்சிறுவனை அடுத்த வெள்ளிக்கிழமை அழைத்து, சமர்கந்து, காழி ஸாதா, அல்காஷி, அலி குஷ்ஜி என்று பெயர்களைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இப்போது யார் கணக்குப் போடுகிறார்கள், ஹஜ்ரத்?" என்றான். அந்தக் கேள்வியை உங்கள் ஒவ்வொருவரின் வீட்டிற்கும் அனுப்பி வைக்கின்றேன்.

பயனுள்ள கல்வியையும், பெற்ற அமானிதத்தைப் பேணிக் காக்கும் பொறுப்புணர்வையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வழங்கி அருள்புரிவானாக! ஆமீன்.